கடைச் சாவி யார் கையில்?



2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 ஆகிய இரு நாட்களைக் காயல்பட்டினத்து மக்கள் தம் வாழ்நாளில் மறக்க மாட்டார்கள். ஓராண்டு முழுவதும் பெய்ய வேண்டிய மழையைக் காட்டிலும் அதிகமாக, 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை எங்கள் ஊரில் கொட்டித் தீர்த்தது. வீதிகள் ஓடைகளாயின. வீடுகளுக்கு இடையே பெண்கள் நடந்து செல்லும் முடுக்குகளிலும் வெள்ளம் புகுந்தது.

என் தங்கையின் கணவர் கடைத்தெருவில் மோட்டார் பழுது பார்க்கும் சிறு கடை ஒன்றை நடத்தி வருகிறார். எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, புதிய செம்புக் கம்பி சுற்றி, மீண்டும் ஓட வைப்பதே அவருடைய தொழில். அவர் கடையிலும் இடுப்பளவு நீர் நின்றது. சேற்றை அள்ளி, கருவிகளைத் துடைத்துக் காயவைத்து, ஒன்பதாம் நாள் கடையைத் திறந்தார். சுற்று வட்டாரத்தில் தண்ணீர் மோட்டார் கெடாத வீட்டைக் காண்பதே அரிதாக இருந்த வேளை அது. கிணற்றில் நீர் இருந்தும் தொட்டிக்கு ஏற்ற வழியின்றி மக்கள் தவித்தனர்.

உள்ளூர்க்காரர்கள் வந்தார்கள். ஆனால் ஆறுமுகநேரி, ஆத்தூர், திருச்செந்தூர்ப் பக்கங்களிலிருந்து வழக்கமாக வரும் தொலைபேசி அழைப்புகள் அடியோடு நின்றுபோயின. காரணம் விளங்கவில்லை. சில நாட்கள் கழித்து, மோட்டாரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்த ஒரு பெரியவர் சொன்னார்: “பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதாலதான் வந்தேன். போன்ல பார்த்தா உங்க கடைய நிரந்தரமா மூடியாச்சுன்னு காட்டுது.”

அன்றிரவு என் மச்சான் என்னிடம் கேட்ட கேள்வி இன்றும் என் காதில் ஒலிக்கிறது. “கடையத் திறந்து வெச்சிக்கிட்டு நான் உள்ள உட்கார்ந்திருக்கேன் மச்சான். நான் மூடிட்டேன்னு ஊருக்கெல்லாம் யாரு சொன்னது?”

அதற்கு விடை தேடியபோது நாங்கள் கற்றவற்றையே இம்மாதம் வாசகர்களோடு பகிர்ந்துகொள்கிறேன். மதரஸாவில் பாடம் நடத்தும் எனக்குக் கணினி நுணுக்கம் தெரியாது. கல்லூரியில் கணினி பயிலும் என் தங்கை மகள்தான் எங்கள் இருவருக்கும் ஆசிரியையாக இருந்தாள்.

பதிவு என்பது என்ன?

இன்று ஒருவர் தம் கைப்பேசியில் ‘மோட்டார் ரிப்பேர்’ என்றோ ‘பிரியாணிக் கடை’ என்றோ தேடினால், அருகிலுள்ள கடைகளின் பெயர், இருப்பிடம், தொலைபேசி எண், திறந்திருக்கும் நேரம் ஆகியவை வரைபடத்தோடு தோன்றுகின்றன. இதற்கு அடிப்படையாக இருப்பது கூகுள் நிறுவனம் வைத்திருக்கும் வணிகப் பதிவு. 2014இல் ‘கூகுள் மை பிசினஸ்’ என்ற பெயரில் வந்த இது, 2021 முதல் ‘கூகுள் பிசினஸ் புரொஃபைல்’ எனப்படுகிறது. இப்பதிவுக்குக் கட்டணம் ஒரு காசும் இல்லை என்பதை முதலிலேயே மனத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும்.

விவரம் தேடி வாடிக்கையாளர் வருவது நம் நாட்டுக்குப் புதிதன்று. தொலைபேசியில் அழைத்துக் கேட்டால் கடைகளின் விவரம் சொல்லும் ‘ஜஸ்ட் டயல்’ சேவை 1996லேயே தொடங்கிவிட்டது. எங்கள் கடற்கரைக்கோ இது இன்னும் பழைய செய்தி. தூத்துக்குடிக் கடலில் ஆங்கிலேயர் ஆட்சியில் முத்துக்குளிப்பு நடைபெறுமுன், அதிகாரிகள் முதலில் பார்களைச் சோதித்து மாதிரிச் சிப்பிகளை எடுப்பார்கள். அவற்றிலிருந்து கிடைத்த முத்துகளை அனுபவமிக்க வணிகர்களைக் கொண்டு மதிப்பிடுவார்கள். அதன் பின்னரே இன்ன இடத்தில், இன்ன நாளில் குளிப்பு நடைபெறும் என்ற அறிவிப்பு வெளியாகும். அதை நம்பியே வணிகர்கள் பணத்தோடு பயணம் புறப்பட்டார்கள். எடுத்த முத்துகளைத் துளைகளின் அளவு வேறுபட்ட பித்தளைச் சல்லடைகளில் சலித்துத் தரம் பிரித்தார்கள். அந்த முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. எனினும் இடம், காலம், சரக்கின் தரம் ஆகிய மூன்றையும் பொய்யின்றி முன்கூட்டியே அறிவிக்க வேண்டும் என்ற தேவை இன்றைய கடைக்காரருக்கும் அப்படியே இருக்கிறது.

என் மச்சானின் கடைக்கும் அத்தகைய பதிவு ஒன்று இருந்தது. சில ஆண்டுகளுக்கு முன் கடைக்கு வந்த ஓர் இளைஞர், 1,500 ரூபாய் பெற்றுக்கொண்டு அதைச் செய்து கொடுத்திருந்தார். ஆனால் அதைத் தம்முடைய சொந்த மின்னஞ்சலில் தொடங்கியிருந்தார். ஆகவே கூகுளின் கணக்கில் அக்கடையின் உரிமையாளர் என் மச்சான் அல்லர், அந்த இளைஞரே. வெள்ளத்தின்போது பூட்டிக் கிடந்த கடையைப் பார்த்து, மூடப்பட்டுவிட்டதாக யாரோ ஒருவர் குறிப்பு அனுப்பியிருக்கிறார். பொதுமக்களில் எவரும் இவ்வாறு திருத்தம் அனுப்பலாம். அதைக் கூகுள் ஏற்றுக்கொண்டுவிட்டது. அது குறித்த அறிவிப்பு எங்களுக்கு வரவே இல்லை. அந்த இளைஞரின் தொலைபேசி எண்ணோ மாறிவிட்டிருந்தது.

மீட்பதற்கும் வழி இருந்தது. பதிவின் உரிமையைக் கோரி விண்ணப்பித்தோம். ஏற்கெனவே உரிமை வைத்திருப்பவர் மறுமொழி தர மூன்று நாள் அவகாசம் உண்டு. அவரிடமிருந்து பதில் இல்லாவிட்டால், கடை நம்முடையதே என மெய்ப்பித்து நாமே உரிமை கோரும் வாய்ப்புக் கிடைக்கலாம். எங்களுக்குக் கிடைத்தது. ஆனால் அதற்குள் வேலை மிகுந்திருந்த நாட்கள் கைநழுவிப் போயின. ஆறுமுகநேரியிலும் ஆத்தூரிலும் எத்தனை வீட்டார் மோட்டாரைச் சரிசெய்ய ஆளின்றி அலைந்தார்களோ, அதை யார் கணக்கிட முடியும்?

செய்ய வேண்டிய முறை

முதலாவதாக, கடைக்காரர் தம் பெயரிலேயே ஒரு மின்னஞ்சல் கணக்கைத் தொடங்க வேண்டும். அதற்குரிய தொலைபேசி எண் அவருடையதாகவே இருத்தல் வேண்டும். கடவுச்சொல்லை ஒரு குறிப்பேட்டில் எழுதி, கடைப் பத்திரத்தோடு பாதுகாத்து வைக்கலாம். மகனோ மருமகனோ வெளியாளோ உதவி செய்வதாயின், அவர்களை ‘மேலாளர்’ என்று சேர்த்துக்கொள்ள வசதி உண்டு. உரிமையாளர் என்ற இடத்தை எவருக்கும் விட்டுக்கொடுக்கலாகாது.

இரண்டாவதாக, புதிய பதிவைத் தொடங்குமுன் பழைய பதிவு இருக்கிறதா எனத் தேடிப் பார்க்க வேண்டும். ஒரே கடைக்கு இரண்டு பதிவுகள் இருந்தால் வாடிக்கையாளர் குழம்புவார்.

மூன்றாவதாக, பெயர். பெயர்ப் பலகையில் உள்ளது எதுவோ அதை மட்டுமே எழுத வேண்டும். ‘தூத்துக்குடி மாவட்டத்தின் சிறந்த மோட்டார் கடை’ என்றெல்லாம் பெயரோடு ஒட்டவைப்பது கூகுளின் விதிக்கு மாறானது. அதனால் பதிவே முடக்கப்படலாம். நம் தொழிலைச் சொல்வதற்கென்று தனி இடம் இருக்கிறது. முதன்மைத் தொழில் வகை ஒன்றும், துணை வகைகள் ஒன்பது வரையும் குறிக்கலாம். 750 எழுத்துகளுக்குள் கடையைப் பற்றி ஓர் அறிமுகமும் எழுதலாம். செய்யும் வேலையை மட்டும் சொல்லுங்கள். செய்யாத வேலையைச் சேர்த்தால், வரும் வாடிக்கையாளர் ஏமாந்து திரும்புவார்.

நான்காவதாக, இடம். நம் பழைய ஊர்களில் ஒரே பெயரில் இரண்டு தெருக்கள் இருப்பதுண்டு. கதவு எண்ணும் மாறியிருக்கும். ஆகவே முகவரியை எழுதியதோடு நின்றுவிடாமல், வரைபடத்தில் தோன்றும் குறியை விரலால் நகர்த்தி, கடை வாசலில் சரியாக நிறுத்த வேண்டும். என் மச்சானின் கடையைப் பழைய பதிவு இரண்டு தெரு தள்ளிக் காட்டிக்கொண்டிருந்தது. அதையும் அப்போதுதான் கண்டோம்.

ஐந்தாவதாக, நேரம். ஒரே நாளில் இரண்டு வேளைகளாக நேரம் குறிக்க முடியும். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்காகக் கடையை அடைப்பவர்கள், காலை நேரத்தையும் பிற்பகல் நேரத்தையும் தனித்தனியே குறித்துவிட வேண்டும். ரமலான் மாதத்துக்கும் இரு பெருநாட்களுக்கும் ‘சிறப்பு நேரம்’ என்ற பகுதி உண்டு. வெயிலில் 20 கிலோமீட்டர் வந்து பூட்டிய கதவைப் பார்ப்பவர், இரண்டாம் முறை வர மாட்டார். மழை, நோய் போன்ற காரணங்களால் சில நாட்கள் அடைக்க நேர்ந்தால், ‘தற்காலிகமாக மூடப்பட்டுள்ளது’ என்று நாமே குறித்துவிடலாம். மீண்டும் திறந்த அன்றே அதை மாற்றிவிட வேண்டும்.

இறுதியாக, சரிபார்ப்பு. எந்த முறையில் சரிபார்ப்பது என்பதைக் கூகுளே முடிவு செய்கிறது. சிலருக்குத் தொலைபேசி, சிலருக்கு மின்னஞ்சல், சிலருக்கு அஞ்சலட்டை, பலருக்கு இப்போது காணொளி. தெருவையும் பெயர்ப் பலகையையும் காட்டி, கடையைச் சாவியால் திறந்து உள்ளே சென்று, தொழிற்கருவிகளைக் காட்டி, இடையில் நிறுத்தாமல் ஒரே பதிவாகப் படம் பிடிக்க வேண்டும். நம் முகத்தையோ பிறர் முகத்தையோ காட்ட வேண்டியதில்லை. வங்கிக் கணக்கு எண் போன்றவை படத்தில் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மச்சான் தம் கடைப் பூட்டைத் திறக்க, என் தங்கை மகள் படம் பிடித்தாள். “மாமா, கடைச் சாவி யாருகிட்ட இருக்கோ அவங்கதான் சொந்தக்காரங்கன்னு கூகுளே ஒத்துக்குது பாருங்க” என்று அவள் சிரித்தபோது, முதன்முதலாக என் தங்கையின் முகத்திலும் சிரிப்பைக் கண்டேன்.

இல்லத்திலிருந்து தொழில் செய்யும் சகோதரிகளுக்கு

நம் ஊர்களில் தம்மடை செய்து கொடுப்பவர்கள், துணி தைப்பவர்கள், கல்யாண வீடுகளுக்குப் பலகாரம் போடுபவர்கள் எனப் பல சகோதரிகள் வீட்டிலிருந்தே உழைக்கிறார்கள். வீட்டு முகவரி ஊரறிய வெளிப்படுமே என்ற தயக்கம் அவர்களுக்கு இருப்பது நியாயமே. அவர்களுக்காக ஒரு வசதி உண்டு. வாடிக்கையாளர் நம் வீட்டுக்கு வராமல், நாமே பொருளைக் கொண்டு சேர்ப்பதாக இருந்தால், முகவரியை மறைத்துவிட்டுச் சேவை செய்யும் ஊர்களின் பெயர்களை மட்டும் காட்டலாம். 20 ஊர்கள் வரை குறிக்க இடமுண்டு. வாடிக்கையாளரை நேரில் சந்திக்காமல் இணையத்தில் மட்டுமே விற்பவர்களுக்கு இப்பதிவு பொருந்தாது.

தொலைபேசி எண்ணைப் பொறுத்தவரை, வீட்டாரின் சொந்த எண்ணைக் கொடுக்காமல் தொழிலுக்கென்று தனி எண் வைத்துக்கொள்வது நன்று. உணவுப் பொருள் விற்பவர்கள் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவையும் பெற்றிருக்க வேண்டும் என்பதை நினைவில் கொள்க.

பாராட்டும் பழியும்

பதிவில் வாடிக்கையாளர்கள் நட்சத்திரம் இட்டுத் தம் கருத்தை எழுதுவார்கள். இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். உறவினர் பத்துப் பேரைக் கூட்டி, ‘ஆளுக்கு ஐந்து நட்சத்திரம் போடுங்கள்’ என்கிறார்கள். காசு கொடுத்துப் பாராட்டு வாங்குவோரும் உளர்.

வாங்கும் எண்ணமே இல்லாத ஒருவர், பிறரை ஏமாற்றுவதற்காக ஒரு பொருளைப் புகழ்ந்து விலையை ஏற்றிவிடுவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். மார்க்கச் சட்ட நூல்களில் இதற்கு ‘நஜ்ஷ்’ என்று பெயர். கடைக்கே வராதவர் இடும் ஐந்து நட்சத்திரம் வேறு என்ன? தானியக் குவியலுக்குள் கையை விட்டு, அடியில் இருந்த ஈரத்தை அவர்கள் வெளிப்படுத்திய நிகழ்ச்சியும் நாம் அறிந்ததே. கூகுளின் விதியும் பொய்யான கருத்துகளைத் தடை செய்கிறது. கருத்து எழுதுவதற்காகப் பரிசோ தள்ளுபடியோ தருவதும் தவறு. 2022ஆம் ஆண்டு நவம்பரில் இந்தியத் தர நிர்ணய அமைவனம், இணையத்தில் வெளியாகும் நுகர்வோர் கருத்துகளுக்கென்றே ‘ஐ.எஸ். 19000’ என்ற தர விதியை வெளியிட்டது. இந்த நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்பதற்கு அதுவே சான்று.

உண்மையாகவே வேலை செய்து கொடுத்தவரிடம், “உங்கள் கருத்தை எழுதுங்கள்” என்று பணிவுடன் கேட்பதில் பிழையில்லை. குறை எழுதப்பட்டால் அதை நீக்கும் உரிமை கடைக்காரருக்குக் கிடையாது. விதியை மீறிய கருத்தாக இருந்தால் முறையிடலாம். மற்றபடி அமைதியாக மறுமொழி எழுதுவதே சிறந்த வழி. மச்சானின் கடைக்கு ஒருவர், ‘மோட்டார் மூன்றே மாதத்தில் மீண்டும் எரிந்துவிட்டது’ என்று எழுதினார். மச்சான் சினந்தார். பிறகு ஆறியமர்ந்து, ‘கொண்டு வாருங்கள், கூலி வாங்காமல் பார்த்துத் தருகிறேன்’ என்று எழுதச் சொன்னார். அந்த மறுமொழியைப் படித்துவிட்டு வந்ததாகச் சொன்னவர்கள், புகழுரையைப் படித்து வந்தவர்களினும் அதிகம்.

ஏமாற்றுக்காரர்கள்

பதிவு செய்த சில நாட்களிலேயே அழைப்புகள் வரத் தொடங்கும். ‘கூகுளிலிருந்து பேசுகிறோம், பணம் கட்டாவிட்டால் உங்கள் கடை நீக்கப்படும்’ என்பார்கள். ‘முதலிடத்தில் காட்டுகிறோம்’ என்பார்கள். இரண்டும் பொய். தேடுவோருக்கு எந்தக் கடையைக் காட்டுவது என்பதை மூன்று அடிப்படைகளில் கூகுள் தீர்மானிக்கிறது: தேடிய பொருளுக்கு எவ்வளவு பொருத்தம், எவ்வளவு தொலைவு, எவ்வளவு அறியப்பட்ட கடை. காசு கொடுத்து இந்த வரிசையில் முன்னேற முடியாது. விளம்பரம் என்பது வேறு. அது விளம்பரம் என்றே குறிக்கப்பட்டிருக்கும்.

கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி. எண்ணை, கேட்பவர் யாராயினும் சொல்லலாகாது. அதைச் சொன்ன மறுகணமே சாவி கைமாறிவிடும். பணத்தை இழந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணில் முறையிட வேண்டும். இணையக் குற்றங்களுக்கென அரசு அமைத்துள்ள உதவி எண் இது.

பிறர் நிலத்தில் கட்டிய வீடு

இவ்வளவும் சொன்ன பின், ஓர் எச்சரிக்கையையும் சொல்லாமல் விடுவது முறையாகாது. 2017ஆம் ஆண்டு ஜனவரி மாதம், கூகுள் நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பில் இருக்கும் தமிழரான சுந்தர் பிச்சை புதுடெல்லிக்கு வந்து, இந்தியச் சிறு வணிகர்களுக்கு இலவச இணையதளம் அமைத்துத் தரும் வசதியை அறிவித்தார். பதிவில் உள்ள விவரங்களைக் கொண்டே அந்தத் தளம் உருவாகிவிடும். செலவில்லாமல் கிடைத்ததைப் பலரும் பயன்படுத்திக்கொண்டார்கள். 2024ஆம் ஆண்டு மார்ச் மாதம் அந்த வசதியை அந்நிறுவனமே நிறுத்திவிட்டது. அத்தளங்களின் முகவரியைப் பையிலும் சீட்டிலும் அச்சடித்து வைத்திருந்த கடைக்காரர்கள் வேறு வழி தேட வேண்டியதாயிற்று. அதே ஆண்டு ஜூலை இறுதியில், பதிவின் வழியாக வாடிக்கையாளரோடு எழுத்தில் உரையாடும் வசதியும் நிறுத்தப்பட்டது.

இதற்காக அந்நிறுவனத்தைப் பழிப்பதில் பயனில்லை. இலவசமாகக் கிடைத்த இடத்தில் நாம் குடியிருக்கிறோம். நிலத்துக்குரியவர் எப்போது வேண்டுமானாலும் வேலியை மாற்றலாம். ஆகவே வாடிக்கையாளரின் பெயர், அவருடைய தொலைபேசி எண், செய்து கொடுத்த வேலை ஆகியவற்றை எழுதிய ஒரு பேரேடு நம் கல்லாப்பெட்டியில் இருந்தே தீர வேண்டும். மச்சான் இப்போது அப்படி ஒரு நோட்டு வைத்திருக்கிறார். அடுத்த முறை கூகுள் எதைச் சொன்னாலும், ‘கடை திறந்துதான் இருக்கிறது’ என்று தாமே அழைத்துச் சொல்ல நூற்றுக்கணக்கான எண்கள் அதில் இருக்கின்றன.

வாசகர்களே, இந்தப் பக்கத்தைப் படித்து முடித்ததும் உங்கள் கடையின் பெயரையோ, உங்கள் வாப்பா, காக்கா, மச்சான் நடத்தும் கடையின் பெயரையோ கைப்பேசியில் ஒருமுறை தேடிப் பாருங்கள். பெயர் சரியா, இடம் சரியா, நேரம் சரியா, தொலைபேசி எண் சரியா என்ற நான்கையும் கவனியுங்கள். பிறகு, அந்தப் பதிவு யாருடைய மின்னஞ்சலில் இருக்கிறது என்று கேளுங்கள். வீட்டில் ஒருவருக்கும் விடை தெரியவில்லை என்றால், அடுத்த மழைக்காலம் வருமுன் சாவியை மீட்டுக்கொள்ளுங்கள்.